திருச்சி - பலாலி: 184 கிலோமீட்டர்

முதலில் ஒரு கேள்வி. மயிலாடுதுறையிலிருந்து எது பக்கம், சென்னையா யாழ்ப்பாணமா? வகுப்பில் கேட்டேன், எல்லோரும் சென்னை என்றார்கள். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சென்னை சுமார் 230 கி.மீ., யாழ்ப்பாணம் சுமார் 165 கி.மீ.தான்!

பழைய ஆட்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. 1964 புயலில் தனுஷ்கோடி அழியும் வரை, போட் மெயில் ரயில் நம் மாயவரம் வழியாகத்தான் போனது. தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து மறுபடியும் ரயில். தஞ்சை ஜில்லா நாதஸ்வரக்காரர்கள் யாழ்ப்பாணக் கோயில் திருவிழாக்களுக்குப் போவார்கள். அங்கிருந்து தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி இங்கே வந்து வாசித்தார்.

இனி விமானக் கதை. பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் இறங்கி, சென்னைக்கு வந்தது. பிறகு பலாலிக்கும் திருச்சிக்கும் இடையிலும் ஏர் சிலோன் பறந்தது.

திருச்சி - பலாலி வான்வழி தூரம் சுமார் 184 கி.மீ. அன்றைய டகோட்டா மணிக்கு சுமார் 300 கி.மீ. போகும். இன்றைய ஏ.டி.ஆர். 72 சுமார் 500 கி.மீ. கணக்குப்படி 22 நிமிடத்தில் போய்விட வேண்டும். ஆனால் கால அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போடுகிறார்கள். ஏன்? விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல், இறங்கி மறுபடி நிற்பது வரை எல்லாமே பயண நேரம்தான். அதோடு மேலே ஏறி முழு வேகம் பிடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். இவ்வளவு குறைந்த தூரத்தில் வேகமான விமானத்தால் பெரிய லாபம் இல்லை.

உண்மையில் நேரத்தைத் தின்றது வேறு. 1979-இல் ஏர் சிலோன் மூடப்பட்டது. 1983-இல் போர். பலாலி ராணுவத்தளம் ஆனது. அதன் பிறகு திருச்சியிலிருந்து போக வேண்டுமென்றால் கொழும்புக்கு 400 கி.மீ.க்கு மேல் பறந்து, அங்கிருந்து வடக்கே இன்னொரு 400 கி.மீ. தரைவழி. அதுவும் பாதை திறந்திருந்தால்! 1990-இல் நின்ற ரயில் மறுபடி யாழ்ப்பாணத்தைத் தொட்டது 2014-இல்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் அக்காவை யாழ்ப்பாணத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். போர்க்காலத்தில் அவர் இறந்த செய்தி, பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்த பிறகு கடிதத்தில் வந்ததாம்.

2019 அக்டோபர் 17-இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா அதை நிறுத்த, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. திருச்சியின் முறை 2025 மார்ச் 30-இல் இண்டிகோ மூலம் வந்தது.

நமக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு :-) தென்கிழக்கே இருக்கிற ஊருக்குப் போக, மேற்கே திருச்சிக்கு ரயிலில் சுமார் 120 கி.மீ. போக வேண்டும். விமான நிலையத்தில் முன்கூட்டியே போய்க் காத்திருப்பது தனி. அதற்கு நாகப்பட்டினம் போய், 2023-இல் தொடங்கி உடனே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்த காங்கேசன்துறைக் கப்பலைப் பிடிக்கலாம். கடலில் சுமார் 110 கி.மீ., நான்கு மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் கப்பலும் விமானமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன.