பெயர் மறைக்கப்பட்ட பேரூர்: போர்க்கால ஹல் நகரமும் மக்கட் சான்றும்

முன்னுரை

பகைவர் ஊரை எரியூட்டுதலைத் தமிழ்ப் புறத்திணை நூலார் ஒரு துறையாகவே வகுத்தனர். வஞ்சித் திணையுள் எரிபரந்தெடுத்தல் எனப்படும் அத்துறை தீயிட்ட வேந்தன் பக்கம் நின்று பேசுவது. ஒன்னார் நாட்டின் அழிவுக்கு இரங்கும் கொற்றவள்ளையும் வென்றோன் புகழோடு இயைந்தே வரும். எரியுண்ட ஊரில் மறுநாட் காலை அடுப்பு மூட்டியவர் யாது நினைந்தனர் என்று அறியப் பழங்காலத்திற்குச் சான்று அரிது. இருபதாம் நூற்றாண்டின் போர்களுக்கோ அத்தகைய சான்றுகள் உள. அவற்றுள் இங்கிலாந்தின் ஹல் நகரத்துச் சான்றுகளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அம்மக்கள் உற்ற துன்பம் எத்தகையது? அத்துன்பத்தைச் சான்றாகக் கொண்டோர் அதனை எவ்வாறு படித்தனர்? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

நகரும் அழிவும்

ஹல், யார்க்சயரின் கீழ்த்திசையில், அம்பர் ஆற்றின் அகன்ற கழிமுகத்தின் வடகரையில் அமைந்த துறைமுக நகரம். போர் தொடங்கிய காலத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சத்து இருபதினாயிரம் மக்கள் அங்கு வாழ்ந்தனர். மீன்பிடித் தொழிலும், தானியமும் மரமும் இறக்கும் துறைகளும், மாவாலைகளும் அந்நகரின் வாழ்வுக்கு அடிப்படை. கழிமுகம் இரவிலும் வானினின்று தெளிவாகப் புலப்படும். ஆதலின் பகை வானூர்திகளுக்கு இந்நகர் எளிய இலக்காயிற்று. வேறு நகரங்களை நாடிச் சென்று அவற்றை அடையமாட்டாது திரும்பிய வானூர்திகள் எஞ்சிய குண்டுகளை இங்கே உதிர்த்துச் சென்றதும் உண்டு.

1940 சூனில் முதற்குண்டு விழுந்தது. 1945 மார்ச்சு 17-இல் இறுதித் தாக்குதல் நிகழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் தாக்குதல்கள் எண்பதுக்கும் மேற்பட்டன. 1941 மே 7, 8 ஆகிய இரண்டு இரவுகளில் மட்டும் ஏறத்தாழ நானூற்றுவர் மாண்டனர். ஆற்றங்கரைத் துறைமேடையும் பெரிய மாவாலையும் நகர நடுவிலிருந்த வாணிகக் கட்டடங்களும் தீக்கிரையாயின. போர் முழுமையிலும் இறந்தோர் ஏறத்தாழ 1,200 பேர். தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுள் ஊறுபடாது எஞ்சியவை ஆறாயிரத்திற்கும் குறைவு. ஒரு காலத்தில் அல்லது மற்றொரு காலத்தில் வீடிழந்தோர் தொகை 1,52,000 என்பர். நகர மக்களுள் ஏறக்குறையச் செம்பாதியினர் வீடற்று நின்றனர் என்பது இதனாற் போதரும்.

இத்துணை அழிவுற்றும் இந்நகரின் பெயர் அந்நாளைய செய்திகளிற் பெரும்பாலும் இடம்பெறவில்லை. பகைவர் தம் தாக்குதலின் பயனை அறிந்துவிடுவர் என்னும் அச்சத்தால், 'வடகிழக்குக் கரையோர நகரொன்று' என்றே அறிவித்தனர். இலண்டனும் கவன்ட்ரியும் உலகறிந்த பெயர்களாயின. ஹல் மக்களோ தம் ஊரின் பெயரைத் தாமே செய்தியிற் காணாது இறந்தோரை அடக்கம் செய்தனர். போருக்குப் பின்னரும் நெடுங்காலம் இந்நகர் உரிய அளவிற் பேசப்படாமைக்கு இம்மறைப்பு ஒரு காரணமாதல் தெளிவு.

மக்கள் வாழ்வு

ஹல் தாழ்ந்த நிலத்தில் அமைந்தது. சிறிது தோண்டினும் நீர் ஊறும். ஆகவே ஆழ்ந்த நிலவறைகள் அமைக்க இயலவில்லை. வீட்டுத் தோட்டத்திற் பாதி புதைத்து அமைக்கும் நெளிதகட்டுக் காப்பறைகளில் நீர் தேங்கியது. தெருக்களில் செங்கல்லாற் கட்டிய பொதுக் காப்பறைகளே பலருக்குப் புகலிடம். இரவு தோறும் நகரை நீங்கி, அண்டையிலிருந்த சிற்றூர்களிலும் வயல்களிலும் களஞ்சியங்களிலும் உறங்கி, விடியலில் தொழிலுக்குத் திரும்பியோரும் பலர். இவ்விரவுப் பெயர்வை அச்சத்தின் அடையாளம் என்று அலுவலர் சிலர் ஐயுற்றனர். எனினும் காலையில் அவர்கள் தொழிலிடம் வந்து சேர்ந்தனர் என்பது நோக்கத்தக்கது.

பெவர்லி சாலையிலிருந்த நேசனல் திரையரங்கின் வரலாறு இக்கால வாழ்வின் இயல்பை விளக்கும். 1941 மார்ச்சு 18 இரவு, சாப்ளினின் 'பெருஞ்சர்வாதிகாரி' ஓடிக்கொண்டிருந்தபோது அபாயச் சங்கு ஒலித்தது. ஏறத்தாழ நூற்றைம்பதின்மர் முன்மண்டபத்தில் ஒதுங்கியிருந்தனர். அரங்கின் பின்புறம் வெடிப்பினால் தகர்ந்தது, முன்மண்டபம் நின்றது. ஒருவரும் இறந்திலர். கொடுங்கோலனை எள்ளி நகைக்கும் படத்தைக் காணக் குண்டு விழும் காலத்தும் மக்கள் திரண்டனர் என்பது அவர்தம் மனநிலைக்குச் சான்றன்றோ? அவ்விடிபாட்டின் முகப்பு 2007-இல் காக்கத்தக்க கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

ஆய்வும் அதன் பயனும்

வான்தாக்குதல் மக்கள் உள்ளத்தையும் உற்பத்தியையும் எவ்வாறு தாக்குகிறது என்று அறிய, அறிஞர்களாகிய சாலி சக்கர்மனும் பெர்னாலும் ஹல், பர்மிங்காம் ஆகிய நகரங்களை ஆராய்ந்தனர். அவ்வாய்வின் பகுதியாக, வான்தாக்குதலின்போது தமக்கு நேர்ந்ததையும் தாம் செய்ததையும் குறித்து ஹல் பள்ளிச் சிறார் கட்டுரை எழுதினர். எண்களுக்குள் அடங்காத சான்று இது. குடும்பம், அண்டை வீடு, காப்பறை இரவு ஆகியவற்றைச் சிறார் தம் சொற்களாலேயே பதிந்துள்ளனர்.

1942 ஏப்பிரல் 8-இல் அளிக்கப்பட்ட ஆய்வறிக்கை, அந்நகரங்கள் உற்ற அளவிலான தாக்குதல்களால் மக்கள் மனவுறுதி குலைந்தமைக்குச் சான்றில்லை என்றது. உற்பத்தி இழப்பும் பெரும்பாலும் ஆலைகள் நேரே சிதைந்தமையால் வந்ததே என்றது. ஆயின் அவ்வறிக்கைக்கு ஒன்பது நாள் முன்னரே, மார்ச்சு 30-இல், சர்ச்சிலின் அறிவியல் அறிவுரையாளரான செர்வெல் பிரபு அவருக்கு ஒரு குறிப்பு விடுத்திருந்தார். வீட்டை இழத்தலே மனவுறுதியை மிகக் குலைப்பது. பத்தில் ஒரு பங்கு வீடுகளே இடிந்த ஹல்லிலும் மனத்தளர்ச்சி வெளிப்பட்டது. ஆதலின் செருமனியின் 58 பெருநகரங்களில் மக்களை வீடற்றோராக்குதல் வேண்டும் என்பது அதன் சாரம்.

பரந்த அளவிலான குண்டுவீச்சுக்குரிய ஆணை பிப்ரவரி 14 அன்றே பிறந்துவிட்டது. ஆதலின் இக்குறிப்பே அனைத்திற்கும் காரணம் எனல் பொருந்தாது. எனினும் முன்பே கொண்ட முடிவுக்கு ஹல் மக்களின் துன்பம் துணைச்சான்று ஆக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. இம்முரண்பாட்டைச் சக்கர்மன் 1978-இல் வெளியிட்ட தன்வரலாற்றிற் சுட்டினார். 1943 சூலை இறுதியில் ஆம்பர்க்கு நகரம் எரிந்தபோது முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். செருமானியப் போர்க்கருவி உற்பத்தியோ 1944-இன் இடைப்பகுதி வரை பெருகியே வந்தது. ஹல் உணர்த்திய உண்மை மிகக் கொடிய விலைக்கு மீண்டும் ஒருமுறை மெய்ப்பிக்கப்பட்டது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு பெறப்படும். ஒன்று, ஹல் நகரின் பெயர் மறைக்கப்பட்டமையால் அதன் துன்பம் வரலாற்றில் ஒளிகுன்றி நின்றது. மற்றொன்று, பெயரின்றி நின்ற அத்துன்பமே ஆட்சியாளர் அறையுள் ஓர் எண்ணாக நுழைந்து பிறிதொரு நாட்டு மக்களின் வீடுகளை எரிக்கத் துணைநின்றது. சான்றைத் தொகுத்தோர் பிழைத்திலர். அதனை முழுதும் படியாது முடிவு கொண்டோரே பிழைத்தனர். இலக்கியமாயினும் வரலாறாயினும், மூலத்தை முற்றும் கற்பதற்கு முன் உரை காணத் துணிதல் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு யாம் அறிந்திலேம்.