ராண்டால்ஃப் பிளேஸ் வீட்டுக் கூடம்

வாஷிங்டன் நகரத்தில் ராண்டால்ஃப் பிளேஸ் என்னும் வீதியிலுள்ள 127-ஆம் இலக்க வீடு, பார்வைக்குச் சாமானிய வாசஸ்தலமே. ஆயினும் 1943-இல், ஹோவர்ட் சர்வகலாசாலையில் சித்திரத் துறையை ஸ்தாபித்த ஜேம்ஸ் ஹெரிங்கும் அவருடைய சிஷ்யர் அலான்ஸோ ஏடனும் அவ்வீட்டுக் கூடத்தின் சுவர்களில் படங்களை மாட்டி, ஏடனின் தாயார் பெயரால் அதைப் பார்னெட்-ஏடன் சித்திரசாலையாக்கி, கறுப்பர் வெள்ளையர் என்ற பேதமின்றி யாவருடைய படைப்புகளையும் அருகருகே காட்சிக்கு வைத்தார்கள். குடியிருக்கும் வீட்டையே சித்திரசாலையாக்க நேர்ந்த காரணத்தை அறிய, 1941-ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்றே போதும்.

அவ்வருஷம் கார்கரன் கலைக்கூடத்தில் நடந்த போட்டிக் கண்காட்சியில் கறுப்பினத்தவரின் படங்களுக்கு இடமில்லை. ஹோவர்டில் ஆசிரியையாயிருந்த லோயிஸ் மைலூ ஜோன்ஸ், மாசசூசெட்ஸ் கடற்கரைக் கடைகளைத் தீட்டிய தம் படத்தை, பிரெஞ்சுத் தோழி செலீன் தபாரியின் கையில் கொடுத்தனுப்பினார். திருடிய பொருளை ஒளித்து வெளியே கொண்டுபோவதுதான் உலக வழக்கம். சொந்தப் பொருளை ஒளித்து உள்ளே கொண்டுபோன விநோதம் இங்கே நடந்தது. படத்துக்குப் பரிசும் கிடைத்தது. வரைந்தவர் நேரில் சென்று அதைப் பெற முடியவில்லை. கலைக்கூடம் மன்னிப்புக் கோரியது 1994-இல்.

அந்தத் தோழியர் இருவரும், ஜோன்ஸ் முன்பு பயின்ற பாரிஸின் ஞாபகமாக 'லிட்டில் பாரிஸ்' என்று பெயரிட்டு, 1940-களின் பிற்பாதியில் ஜோன்ஸின் வீட்டிலேயே ஒரு சித்திரக் குழுவைக் கூட்டினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள். அவர்களில் ஒருவர், ஹெரிங்கின் துறையில் 1924-இல் முதற் பட்டம் பெற்று, ராண்டால்ஃப் பிளேஸ் சித்திரசாலைக்கு உபதலைவியாகவும் இருந்த ஆல்மா தாமஸ்.

ஒரே பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சித்திரம் போதித்துவிட்டு, 1960-இல் ஓய்வு பெற்ற பின்னரே அவருக்கு முழு நேரமும் வரையக் கிடைத்தது. அதற்குள் கீல்வாதமும் வந்து சேர்ந்தது. சமையலறையே சித்திரக்கூடமாக, துணிச்சட்டத்தை மடியிலும் சோபாவிலுமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் வரைந்தார். ஹோவர்டில் 1966-இல் தம் படங்களுக்கென ஏற்பாடாகிய கண்காட்சிக்குப் புதிதாக ஏதேனும் செய்ய வேண்டுமென்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோது, முன்ஜன்னலுக்கு வெளியே நின்ற ஹாலி மரத்தின் இலைகளுக்கிடையே வெயில் துண்டு துண்டாய்ச் சிதறி விழுவது கண்ணில் பட்டதாம். அதன்பின் அவர் படங்களில் மனிதருமில்லை, வீடுமில்லை. வர்ணத் துணுக்குகள் மாத்திரம், பூத்தொடுத்தாற்போல் வரிசை வரிசையாய்.

நியூயார்க்கின் விட்னி கலைக்கூடம் 1972-இல் ஒரு கறுப்பினப் பெண்ணின் படங்களை மாத்திரம் முதன்முறையாகக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது எண்பது. அவ்வருஷமே கார்கரன் கூடத்திலும் அவர் படங்கள் தனிக் காட்சியாக வைக்கப்பட்டன. அவற்றை உள்ளே கொண்டுபோக எந்தப் பிரெஞ்சுத் தோழியின் கையும் தேவைப்படவில்லை.

அவர் எழுதி வைத்த குறிப்புகளை ஆவணக் காப்பகத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அவருடைய தினக்குறிப்பு படங்களிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது: அருகில் சென்று பார்த்தால், வர்ணத் துணுக்குகளின் இடைவெளியில், எங்கே எது நிற்க வேண்டுமென்று அவர் முன்கூட்டி இழுத்து வைத்த பென்சில் கோடுகள் அழிக்கப்படாமல் அப்படியே தெரிகின்றன.