ஜார்ஜ் எங்கே போனார்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த பதிவு. போன வாரம் பரண்ல இருந்து இறக்கின பெட்டியில ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கிடைச்சது. உள்ளே முழுக்க என் கையெழுத்தில் டாலர் நோட்டுகளின் வரிசை எண்கள். 'இதுக்குத்தான் உங்களை அமெரிக்கா அனுப்பினாங்களா?' என்றார் தங்கமணி. பதில் சொல்லாமல் புத்தகத்தோடு நழுவிட்டேன். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

2005-ல் நான் நியூஜெர்சி எடிசனில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை ஓக் ட்ரீ ரோட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிட்டு மீதிச் சில்லறையைப் பார்த்தால், ஒரு டாலர் நோட்டில் ஜார்ஜ் வாஷிங்டன் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது. இந்த நோட்டு எங்கெங்கே போகுதுன்னு பாருங்கன்னு ஒரு தளத்தின் முகவரி. 'வேர்ஸ் ஜார்ஜ்', அதாவது 'ஜார்ஜ் எங்கே?'. வீட்டுக்கு வந்து வரிசை எண்ணையும் நோட்டின் ஆண்டையும் என் ஊர் பின்கோடையும் தட்டினேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி ஓஹையோவில் யாரோ ஒருவர் ஐஸ்கிரீம் கடையில் வாங்கிய நோட்டாம். நடுவில் எத்தனை கை மாறியதோ, யாருக்கும் தெரியாது. ஆனாலும் என்னமோ தெரியலை, சிலிர்த்துப் போச்சு. அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம் ரெண்டு வருஷம் விடலை.

இதை ஆரம்பித்தவர் ஹாங்க் எஸ்கின் என்கிற கணினிக்காரர், 1998 டிசம்பரில். முதலில் ஸ்டாம்பையும் அவரே விற்றார். 2000-ல் அமெரிக்க ரகசிய சேவைத் துறை, பணத்தாளில் விளம்பரம் செய்வது சட்டப்படி தப்புன்னு சொல்ல, விற்பனையை நிறுத்திவிட்டார். எண்ணைப் பதிவது மட்டும் தொடர்ந்தது. 2002 ஜனவரி 1 அன்று யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்த கையோடு ஐரோப்பாவிலும் 'யூரோபில்டிராக்கர்' தொடங்கிவிட்டது. அங்கே இன்னும் வசதி. முதல் வரிசை யூரோ நோட்டுகளில் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தே எந்த நாட்டுக்கான நோட்டுன்னு சொல்லிவிடும். எக்ஸ் என்றால் ஜெர்மனி, யு என்றால் பிரான்ஸ், எஸ் என்றால் இத்தாலி. ஜெர்மன் நோட்டு ஒன்று ஸ்பெயின் கடற்கரைக் கடையில் கிடைத்தால், யாரோ விடுமுறைக்கு வந்திருக்காங்கன்னு அர்த்தம்.

என் கணக்கைச் சொல்லிடறேன். இருநூத்திச் சொச்சம் நோட்டு பதிந்தேன். திரும்பச் சத்தம் கொடுத்தது இருபதுக்குள்ளேதான். அதில் பாதி பக்கத்து ஊர். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒன்றரை வருஷம் கழிச்சு அரிசோனாவில் முளைத்தது. அன்னிக்கு ஆபீஸில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். (அந்தக் காசையும் எண் குறிச்சுட்டுத்தான் கொடுத்தேன், ஹிஹி.)

இப்போ கொஞ்சம் பின்னாடி போகலாம். நோட்டின் எண்ணைக் குறித்து வைத்துத் துரத்துவது எஸ்கின் கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. அதில் ரொம்பப் பேர் போன கதை, நான் குடியிருந்த இடத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஹோப்வெல் ஊருக்குப் பக்கத்தில் ஆரம்பித்தது. 1927-ல் அட்லாண்டிக்கைத் தன்னந்தனியாக, நடுவில் எங்கும் இறங்காமல் விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கின் வீடு அங்கேதான். 1932 மார்ச் 1 ராத்திரி அவருடைய 20 மாதக் குழந்தையை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. கேட்ட பணம் 50,000 டாலர்.

பணம் கொடுக்கும்போது எண்களைக் குறிச்சு வைக்கணும்னு அடம் பிடித்தவர் வருமான வரித் துறையின் புலனாய்வுப் பிரிவுத் தலைவர் எல்மர் ஐரி. கடத்தினவனுக்குக் கொடுத்த வாக்கை மீறுவதாக ஆகிவிடுமோ, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோன்னு லிண்ட்பெர்க்குக்குத் தயக்கம். கடைசியில் சம்மதித்தார். கட்டில் பெரும்பகுதி 'தங்கச் சான்று' நோட்டுகள். அதில் மஞ்சள் முத்திரை இருக்கும், பார்த்த உடனே தெரியும். 1932 ஏப்ரல் 2 அன்று பிராங்க்ஸில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் பணம் கைமாறியது. குழந்தை வரவில்லை. மே 12 அன்று வீட்டிலிருந்து சில மைல் தள்ளிப் பிணமாகத்தான் கிடைத்தது.

எண்களை அச்சடித்து வங்கிகளுக்கு அனுப்பினாங்க. ஆனால் கல்லாவில் நிற்கும் கேஷியர் ஒவ்வொரு நோட்டையும் பக்கம் பக்கமான பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா? இருந்தாலும் அங்கொண்ணும் இங்கொண்ணுமா சிக்கியது. சிக்கிய இடத்திலெல்லாம் நியூயார்க் போலீஸ் வரைபடத்தில் ஊசி குத்திக்கிட்டே வந்தாங்க. ஊசிகள் லெக்ஸிங்டன் அவென்யூ சுரங்க ரயில் பாதையை ஒட்டி ஒரு கோடு மாதிரி ஆயிடுச்சு. நான் வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்த வரைபடத்துக்கு இதுதான் பாட்டி!

நடுவில் 1933 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட், தங்கத்தையும் தங்கச் சான்றுகளையும் மே 1-க்குள் வங்கியில் ஒப்படைக்கணும்னு உத்தரவு போட்டார். அதுக்கப்புறம் மஞ்சள் முத்திரை நோட்டை நீட்டினால் கடைக்காரரே நிமிர்ந்து பார்ப்பார். 1934 செப்டம்பரில் அப்படி நிமிர்ந்து பார்த்தவர் ஒரு பெட்ரோல் பங்க் ஊழியர். 10 டாலர் நோட்டு கள்ள நோட்டாக இருக்குமோன்னு சந்தேகப்பட்டு, கார் நம்பரை நோட்டின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வைத்தார். வங்கியில் எண் பட்டியலோடு பொருந்தியது. கார் நம்பர் புரூனோ ஹாப்ட்மன் என்கிற தச்சரிடம் கொண்டு போய் விட்டது. அவர் கராஜில் 13,000 டாலருக்கு மேல் இருந்தது. இறந்து போன நண்பர் ஒருவர் கொடுத்து வைத்த பணம் என்றார். நீதிமன்றம் நம்பவில்லை. 1936 ஏப்ரல் 3 அன்று மின்சார நாற்காலியில் தண்டனை நிறைவேறியது. அவர்தான் செய்தாரா, தனியாகச் செய்தாரா என்கிற வாக்குவாதம் இன்னும் ஓயலை. நோட்டு யார்கிட்ட இருந்ததுன்னு எண் சொல்லிடும். எப்படி அவர்கிட்ட வந்ததுன்னு சொல்லாது.

அடுத்து வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம். டிர்க் பிராக்மன் என்கிற ஜெர்மன் இயற்பியல்காரர், தொற்றுநோய் எப்படிப் பரவுதுன்னு ஆராய்ந்துகொண்டிருந்தார். அதுக்கு மனுஷங்க எங்கிருந்து எங்கே போறாங்கன்னு தெரியணும். விமானக் கணக்கு கிடைக்கும். கார், பஸ், நடை? வெர்மான்ட்டில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனபோது, அந்த நண்பர் பேச்சுவாக்கில் 'வேர்ஸ் ஜார்ஜ்' பற்றிச் சொல்லியிருக்கார். பிராக்மனுக்குப் பொறி தட்டிடுச்சு. நோட்டு தானாக நடக்காதே, யாரோ ஒருத்தர் பையில்தானே போகணும்!

லார்ஸ் ஹுஃப்னாகல், தியோ கைசல் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2006 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. 4,64,670 நோட்டுகள், பத்து லட்சத்துக்கு மேல் பதிவுகள். எல்லாம் என்னை மாதிரி வேலையத்த ஆசாமிகள் தட்டினது. அவங்க கண்டது என்னன்னா, பெரும்பாலான நோட்டுகள் முதல் சில நாளில் பக்கத்திலேயே, 10 கிலோமீட்டருக்குள் சுத்துது. ஆனால் ஒரு சின்னப் பங்கு மட்டும் சட்டுனு 800 கிலோமீட்டர் தாண்டிக் குதிக்குது. சின்னச் சின்ன அடி நிறைய, நடுவில் எப்பவாவது ஒரு பெரிய தாவல். இதுக்கு ஒரு கணிதச் சூத்திரமும் கிடைத்தது. நோயும் அந்த வழியிலேதான் போகும். 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது இந்த நோட்டுக் கணக்கையும் விமானக் கணக்கையும் சேர்த்துத்தான் அவர் குழு அமெரிக்காவில் பரவலைக் கணித்தது.

அந்தக் கட்டுரையை நான் முழுசாப் படித்தது 2020 ஏப்ரலில், சென்னையில் வீடடங்கிக் கிடந்தபோது. பக்கத்து ஊர், பக்கத்து ஊர், பக்கத்து ஊர், திடீர்னு அரிசோனா. காபி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேனே, அந்தத் தாவலைப் பார்த்து அன்னிக்கு எனக்கு வயித்தைக் கலக்கியது. அந்த வருஷம் மக்கள் நடமாட்டத்தைப் பார்க்க பிராக்மன் குழுவுக்கே டாலர் நோட்டு தேவைப்படலை. செல்போன் தகவல் இருந்தது.

இப்போ என் தெரு முனை டீக்கடைக்கு வருவோம். கட்டத்தை ஸ்கேன் பண்ணினால் பெட்டிக்குள் இருந்து ஒரு குரல், 'பத்து ரூபாய் பெறப்பட்டது' என்கிறது. 2016-ல் யூபிஐ வந்த பிறகு நான் நோட்டைத் தொடுவதே குறைந்துவிட்டது. ஒவ்வொரு டீக்கும் யார், எங்கே, எத்தனை மணிக்குன்னு கணக்கு இருக்கு. நான் இருநூறு நோட்டைக் குறிக்க ரெண்டு வருஷம் பட்ட பாடு இப்போ யாருக்கும் இல்லை. சௌகரியம்தான், நானே தினமும் பயன்படுத்தறேன், குறை சொல்லலை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு மக்களே. அந்த ஓஹையோக்காரர் தானாகத்தான் எண்ணைத் தட்டினார். விருப்பம் இல்லாதவங்க தட்டலை. நடுவில் அந்த நோட்டை வைத்திருந்தவர் மருந்து வாங்கினாரா, மது வாங்கினாரா, கோயில் உண்டியலில் போட்டாரான்னு நான் கேட்கவே முடியாது. ஹாப்ட்மனைப் பிடிக்க ஒரு பட்டியல், ஒரு அரசு உத்தரவு, ரெண்டரை வருஷம், சந்தேகப்பட்ட ஒரு ஆள் எல்லாம் தேவைப்பட்டது. இன்னிக்கு அந்த வரைபடம் நாம் கேட்காமலே தயாராகுது. ஊசி குத்துவது நாம் இல்லை, பார்ப்பதும் நாம் இல்லை.

அதனால் மறுபடியும் சட்டைப் பையில் கொஞ்சம் பத்து ரூபாய் நோட்டு வெச்சுக்க ஆரம்பிச்சிருக்கேன். டீக்கடை அண்ணாச்சி, 'என்ன தம்பி, போன்ல சார்ஜ் இல்லையா?' என்கிறார். இருக்கு அண்ணாச்சி, சும்மாதான்.

கொசுறு: நோட்டில் கிறுக்காதீங்கன்னு ரிசர்வ் வங்கி பல வருஷமாகக் கேட்டுக்கிட்டு இருக்கு. இதைப் படிச்சுட்டு யாராவது ஸ்டாம்ப் செய்யக் கிளம்பினால் அடியேன் பொறுப்பில்லை. உங்க கைக்கு வந்த நோட்டில் ஏதாவது விசித்திரமா எழுதியிருந்து, இன்னும் மறக்காமல் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.