நெறியாளர் போட்ட கையெழுத்து



போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் தங்கை வீட்டு விசேஷம். அவள் பேத்தி எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, ப்ராஜெக்ட் முடிக்கிற நேரம். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா, ஆறு மாசமா என் கைடு மேடம்தான் கூடவே இருந்து பாக்கறாங்க. வைவா அன்னிக்கு மட்டும் வெளியிலேருந்து ஒருத்தர் வந்து மார்க் போடறாராம். அவருக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்?"

நல்ல கேள்வி. ஆனால் கை ஈரம் காய்வதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தான்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5ஆம் தேதி சட்டப்படி உருவானது. மாதிரி, லண்டன் பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது கல்லூரிகள். பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது மட்டும் பல்கலைக்கழகம். சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், அளந்து பார்ப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு நம் ஊருக்கு அப்போதே வந்துவிட்டது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான், பல்கலைக்கழகங்கள் தாங்களே பேராசிரியர்களை நியமித்து ஆராய்ச்சி நடத்த வழி பிறந்தது.

ஆராய்ச்சியை மேற்பார்ப்பது எப்படி என்று பல்கலைக்கழகம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தவர் ராமானுஜன். 1913இல் அவருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். கையில் பட்டம் கிடையாது. போட்ட நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு அறிக்கை தர வேண்டும் என்பது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறுவதற்குள் மூன்று அறிக்கைகள் கொடுத்துவிட்டார். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் எம்.இ. படித்த என் பிள்ளைகள் 'ஃபர்ஸ்ட் ரிவியூ, செகண்ட் ரிவியூ' என்று அலறுவீர்களே, அதற்கு ராமானுஜனே முன்னோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வரலாற்றுத் துறைக்கு 1914இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் முதல் பேராசிரியராக வந்தார். 1929இல் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. சாஸ்திரியாரின் மேற்பார்வையில் பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் ஆராய்ந்தவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். 1938இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. 1940இல், முப்பத்தைந்து வயதுகூடத் தாண்டாமல், அவர் போய்விட்டார். இன்றைக்கும் பல்லவர் பற்றி எழுதுகிறவர்கள் மீனாட்சியின் நூலைத் தேடிப் போகிறார்கள். வழி காட்டியவர் பின்னால் நின்றுகொள்வதும், எழுதியவர் பெயர் முன்னால் நிற்பதும்தான் முறை.

எம்.பில். இதற்கெல்லாம் வெகு பின்னால் வந்தது. தமிழில் 'ஆய்வியல் நிறைஞர்' என்று அழகாகப் பெயர் வைத்தோம். அதில் நெறியாளரின் வேலை: தலைப்பை மாணவரால் சுமக்க முடிகிற அளவுக்குக் குறுக்குவது, மூலச் சான்று எங்கே கிடைக்கும் என்று காட்டுவது, ஒவ்வோர் இயலையும் படித்துத் திருத்துவது. கடைசியில் முதல் பக்கச் சான்றிதழில், 'இது இம்மாணவர் தாமே செய்த ஆய்வு' என்று கையெழுத்திடுவது. புறத்தேர்வாளரின் வேலை நேர் எதிர். அவருக்கு மாணவரின் குடும்பக் கஷ்டம் தெரியாது, தெரியவும் கூடாது. எதையும் நம்பாமல் ஏட்டை மட்டும் படித்துக் கேள்வி கேட்க வேண்டும்.

இனி, இத்தனை வருஷம் நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

2000களின் தொடக்கம். திருமுல்லைவாயிலிலிருந்து வந்த ஒரு பையன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, கண் சிவக்க வந்து என் முன்னால் உட்காருவான். தலைப்பு, 1955 ஜனவரியில் நடந்த ஆவடி காங்கிரஸ் மாநாடு. யு.என். தேபர் தலைமை, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம், எல்லாம் உங்களுக்கு நடத்தியதுதான். அந்த வருஷம் என்னிடம் ஒரே நேரத்தில் ஐந்து பேர். பள்ளி ஆசிரியர்களுக்கு எம்.பில். முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு உண்டு என்பதால் கூட்டம் அலைமோதிய காலம். பையனின் முதல் இரண்டு இயல்களை வரி வரியாகப் படித்தேன். மூன்றாவதைப் புரட்டினேன். கடைசித் தேதி நெருங்கியது, பைண்டிங் கடைக்காரர் காத்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வைவா அன்று புறத்தேர்வாளர் மூன்றாம் இயலைத் திறந்து, ஓர் அடிக்குறிப்பில் விரலை வைத்தார். "இந்தப் பத்திரிகையை எங்கே பார்த்தீங்க தம்பி?" பையன் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. அந்த இயல் முழுவதும் வேறொரு பழைய ஆய்வேட்டிலிருந்து எடுத்தது, அடிக்குறிப்புகள் உட்பட.

அவர் பையனைத் திட்டவில்லை. திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொன்னார். வெளியே போகும்போது என்னிடம் மட்டும், "சார், இதை நீங்க பிடிச்சிருக்கணும்" என்றார். குற்றம் செய்தது பையன் என்றாலும் காவல் நிற்க வேண்டியவன் நான். கட்டணமும் ஆறு மாதமும் போனது அவனுக்கு. எனக்கு ஒன்றும் போகவில்லை.

அந்த ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் அவனோடு நானும் போனேன். ஆவடி லோக்கலில் மூர்மார்க்கெட், பார்க் ஸ்டேஷனில் வண்டி மாறி எழும்பூர். ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம். பொடிந்து உதிரும் பழைய பத்திரிகைகளை மெல்லப் புரட்டினோம். ஆவடியில் மாநாட்டைப் பார்த்த பெரியவர்களை அவனே தேடிப் பிடித்துப் பேசி எழுதிக்கொண்டு வந்தான். புதிய மூன்றாம் இயல்தான் அந்த ஏட்டிலேயே உருப்படியானது. இரண்டாவது வைவாவில் அதே புறத்தேர்வாளர் ஒரு மணி நேரம் அவனோடு ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு விதிகள் இறுகின. 2016இல் யு.ஜி.சி., ஒரே சமயத்தில் பேராசிரியருக்கு மூன்று, இணைப் பேராசிரியருக்கு இரண்டு, உதவிப் பேராசிரியருக்கு ஒன்று என எம்.பில். மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. 2020 மார்ச்சில் தமிழக அரசு அந்த ஊக்க ஊதியத்தை நிறுத்தியது. 2022 நவம்பர் விதிகளோடு எம்.பில்.லே முடிந்துபோனது. பட்டம் போய்விட்டது, எம்.ஏ., எம்.எஸ்ஸி., எம்.இ. ப்ராஜெக்ட்டுகளில் அந்தச் சான்றிதழ்ப் பக்கமும் கையெழுத்தும் அப்படியே இருக்கின்றன.

பேத்திக்கு என் பதில் இதுதான் கண்ணு: உன் கைடுக்கு உன்னைத் தெரியும். தெரிந்தவர் கண்ணுக்குச் சில குறைகள் படாது. படிக்காமலே நம்பிவிடவும் தோன்றும். அதனால்தான் உன்னைத் தெரியாத ஒருவர் வருகிறார். அவரைப் பார்த்துப் பயப்படாதே. எழுதியது உன்னுடையது என்றால் அவர் கேட்கும் கேள்விகள் உனக்கு விருந்து.

என் மாணவர்களில் பலர் இப்போது நீங்களே கைடு. உங்களுக்கு ஒரு விண்ணப்பம்: மூன்றாம் இயலையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் பையன் இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன். தம்பி, அன்றைக்கு உன்னிடம் கேட்காத மன்னிப்பை இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார், அம்பத்தூர்