ஜோஹோ கற்றல் பள்ளிகளின் சேர்க்கைத் தேர்வு

ஜோஹோ கற்றல் பள்ளிகளின் சேர்க்கைத் தேர்வு என்பது, மேல்நிலைப் பள்ளிக் கல்வியையோ பட்டயப் படிப்பையோ முடித்த மாணவர்களை மென்பொருள் துறைப் பயிற்சிக்குத் தெரிவு செய்வதற்காக ஜோஹோ நிறுவனம் நடத்தும் திறனறி தேர்வு ஆகும். இப்பள்ளிகளில் ஒன்று தென்காசி மாவட்டத்திலுள்ள மத்தளம்பாறையில் இயங்குகிறது. குற்றாலத்திற்கு அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. பயிற்சிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு ஆகிய இரண்டிற்குமான வாயிலாக ஒரே தேர்வு அமைவது இதன் சிறப்பு.

வரலாறு

ஜோஹோ நிறுவனம் 1996 ஆம் ஆண்டு அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. 2009 இல் இப்போதைய பெயரைப் பெற்றது. நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, திறமைக்கும் பட்டத்திற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்ற கருத்தை வலியுறுத்தி வருபவர். இக்கருத்தின் அடிப்படையில் 2005 இல் சென்னையில் 6 மாணவர்களுடன் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அறியப்பட்ட இது, பின்னர் கற்றல் பள்ளிகள் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

நிறுவனத்தின் தென்காசி அலுவலகம் 2011 இல் தொடங்கப்பட்டது. பயிற்சிப் பள்ளியும் பின்னர் இங்கு விரிவாக்கப்பட்டது. தென்காசி 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டம் ஆயிற்று.

பிற சேர்க்கை முறைகளுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு 1984 முதல் 2006 வரை நடைமுறையில் இருந்தது. நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பின், 2007 முதல் பொறியியல் சேர்க்கை மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது. இதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200 மதிப்பெண்கள் கணக்கிடப்படுகின்றன. 1981 இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் சேர்வோரும் இம்முறையிலேயே தெரிவாகின்றனர். கற்றல் பள்ளிகளிலோ எழுத்துத் தேர்வும் நேர்காணலும் முதன்மை பெறுகின்றன.

பயிற்சியின் தன்மை

பயிற்சிக்குக் கட்டணம் இல்லை; மாணவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்படுகிறது. தொழில்நுட்பப் பிரிவின் பயிற்சிக் காலம் 2 ஆண்டுகள். கணிதம், ஆங்கிலம், நிரலாக்கம் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. அதன்பின் நிறுவனத்தின் குழுக்களிலேயே செய்முறைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. வடிவமைப்பு, வணிகம் ஆகியவற்றுக்கும் தனிப் பிரிவுகள் உள்ளன.

ஆயத்தம்

இத்தகைய திறனறி தேர்வுகளில் அடிப்படைக் கணிதம், தருக்கச் சிந்தனை, ஆங்கில வாசிப்பு ஆகியன சோதிக்கப்படுகின்றன. மனப்பாடத்தைக் காட்டிலும் படிப்படியாகச் சிந்திக்கும் பழக்கமே இவற்றிற்குத் துணைபுரியும். சில மாதிரிக் கணக்குகள் வருமாறு:

1. எண் தொடர்: 3, 6, 11, 18, 27 என்னும் தொடரில் அடுத்தடுத்த எண்களின் வேறுபாடுகள் 3, 5, 7, 9 ஆகும். அடுத்த வேறுபாடு 11 என்பதால் அடுத்த எண் 38.

2. விழுக்காடு: 100 ரூபாய்ப் பொருளின் விலை 20 விழுக்காடு உயர்ந்தால் 120 ரூபாய் ஆகும். அவ்விலை 20 விழுக்காடு குறைந்தால் 96 ரூபாய் ஆகும். பழைய விலையே திரும்பும் எனக் கருதுவது பொதுவான பிழை. இரண்டாவது விழுக்காடு 120 இன் மீது கணக்கிடப்படுகிறது.

3. படிமுறை: 1 என்னும் எண்ணை, 50 ஐத் தாண்டும் வரை இரட்டித்துக்கொண்டே சென்றால் 2, 4, 8, 16, 32, 64 எனக் கிடைக்கும். ஆகவே 6 முறை இரட்டிக்க வேண்டும். நிரலாக்கத்தில் பயன்படும் மடக்கு என்னும் கருத்தின் எளிய வடிவம் இது.

தமிழ் வழியில் பயின்ற மாணவர்களுக்கு ஆங்கிலப் பகுதி கடினமாகத் தோன்றலாம். கடின இலக்கண விதிகளைவிட, நாள்தோறும் ஒரு பத்தியை வாசித்து அதன் கருத்தைச் சொந்தச் சொற்களில் எழுதிப் பார்ப்பது கூடுதல் பயன் தரும். விடையோடு அதை அடைந்த வழியையும் வாய்விட்டு விளக்கிப் பழகுவது நேர்காணலுக்கு உதவும்.

பட்டம் தொடர்பான சிக்கல்

இப்பயிற்சி பல்கலைக்கழகப் பட்டத்திற்கு இணையானது அன்று. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1, தொகுதி 2 தேர்வுகளுக்கும் இந்தியக் குடிமைப் பணித் தேர்விற்கும் பட்டம் தேவை. வெளிநாட்டு வேலை, உயர்கல்வி ஆகியவற்றிலும் பட்டம் இல்லாமை தடையாகலாம். மறுபுறம், கல்விக் கடனின்றி இளவயதிலேயே வருவாய் ஈட்டவும், சொந்த ஊருக்கு அருகில் பணியாற்றவும் இம்முறை வழி செய்கிறது. பணியில் சேர்ந்த பின்னர்த் தொலைநிலைக் கல்வி வழியாகப் பட்டம் பெறுவதும் இயலும். ஆகவே, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இவ்விரு பக்கங்களையும் மாணவரும் பெற்றோரும் ஆராய்ந்து முடிவு செய்தல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

தென்காசி மாவட்டம்
குற்றாலம்
ஸ்ரீதர் வேம்பு
திறனறி தேர்வு