சத்திரத்துக் கல்வியும் இணையக் கல்வியும்

முத்துப்பேட்டையிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் நாம் ஒரத்தநாட்டைக் கடந்தே செல்கிறோம். அங்கேதான் 1802-ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோசி மன்னர் முக்தாம்பாள் சத்திரத்தை எழுப்பினார். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டாட்சியைக் கும்பினியாரிடம் இழந்தவர் அவர். எனினும், இராமேசுவரம் செல்லும் வழிநடையாளருக்குச் சோறிட்ட சத்திரங்களைக் கைவிடவில்லை. முக்தாம்பாள் சத்திரத்தில் மாணவர்க்குக் கட்டணமின்றிப் பாடம் சொல்லப்பட்டது. உணவும் உறைவிடமும் உடன் தரப்பட்டன. பசித்திருப்பவனிடம் ‘கல்வி இலவசம்’ என்று மட்டும் சொல்வதால் பயனில்லை என்பதை அந்த ஏற்பாடு உணர்ந்திருந்தது.

இனி, கற்பதற்கான கருவியை எண்ணிப் பார்ப்போம். முற்காலத்தில் சொற்பொருள் அறிய விரும்பியவர் நிகண்டுச் செய்யுள்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி, சொற்களை அகர வரிசையில் நிறுத்தி, கற்பவர் தாமே தேடிக் காணும் வழியைத் திறந்தது. ஆனால், அந்நூல் முழுமையாக அச்சேறியது 1824-இல்தான். ஏறத்தாழ 92 ஆண்டுகள் அது ஓலையும் ஏடும் கிடைத்தவர்க்கே உதவிற்று. கருவி பிறப்பது வேறு. அது கைக்கு எட்டுவது வேறு.

நம் காலத்தில் அந்தத் தொலைவு வியக்கத்தக்க வகையில் குறைந்தது. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, இணையத்தில் எவரும் இலவசமாகப் பெறுமாறு வைத்தனர். 2001-இல் தமிழக அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் அதன் மின்நூலகம், மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கட்டணமின்றிப் பயன்படுகிறது. 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. கைப்பேசியைக் காட்டினால் பாடத்தின் விளக்கம் திரையில் விரிகிறது.

ஆனால், கைப்பேசி இல்லாத வீட்டில் அக்குறியீடு வெறும் கறுப்புக் கட்டம். அதே 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-இல் கஜா புயல் நம் கரையைத் தாக்கியபோது, தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரமின்றி இணையம் ஏது? 2020-இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது, கல்வித் தொலைக்காட்சி வழியே பாடங்கள் வீடு தேடி வந்தன. இருந்தும் ஐயம் கேட்கப் பக்கத்தில் ஒருவர் இல்லாத பிள்ளைகள் பின்தங்கினர். அதனாலன்றோ 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களை மாலை வேளைகளில் தெருக்களுக்கே அனுப்ப நேர்ந்தது!

சரபோசியின் சத்திரம் பாடத்தோடு சோற்றையும் வைத்தது. இன்றைய இலவசப் பாடத்தோடு நாம் எதை வைக்கப் போகிறோம்? பங்கு மன்றத்தில் மாலையில் ஒரு விளக்கும், ஒரு கணினியும், படித்த ஒருவரின் ஒரு மணி நேரமும் போதும். அலையாத்திக் காட்டுக்குப் படகு செலுத்தும் மீனவரின் பிள்ளையும், வயலில் நாற்று நடும் தாயின் பிள்ளையும், சாதி சமயம் பாராது அங்கே வந்து அமரட்டும். விலையில்லாத கல்வி, அன்றுதான் அவர்களுக்கும் உரியதாகும்.