திண்டிவனத்தில் நின்றுபோன படிப்பு

'எந்தக் காலேஜ்?' சென்னையில் வேலை கேட்டுப் போன இடத்தில் முதல் கேள்வி இதுதான். விழுப்புரம் அரசுக் கல்லூரி, எம்.ஏ. தமிழ் என்றேன். கேட்டவர் சர்டிபிகேட்டைப் புரட்டாமலே மூடி வைத்தார். அடுத்த கேள்வி: 'ஊர்ல எந்தப் பக்கம்?' ஊரா, காலனியா என்பதைப் படித்தவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாகவே வருவதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கம் சேரியில் 1890இல் பிறந்தவர் முனுசாமி. திண்டிவனம் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தார். ஊர்ப் பள்ளிக்கூடங்கள் நம் பிள்ளைகளைத் திண்ணையில்கூட ஏற்றாத காலம் அது. மிஷன் ஏற்றியது. ஆனால் மதம் மாறச் சொன்னது. அவர் மறுத்தார். படிப்பு திண்டிவனத்தோடு நின்றது. கோலார் தங்கவயலுக்குப் போனார். பிறகு வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் சீடரானார். 1910இல் சிதம்பரம் வந்து சேர்ந்தபோது அவர் சுவாமி சகஜானந்தர்.

1916இல் 25 பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். கோயிலுக்குள் நுழைய நெருப்பில் இறங்க வைக்கப்பட்ட நந்தனின் பெயரையே அதற்கு வைத்தார். அதே ஊரில் 1920இல் மீனாட்சி கல்லூரி வந்தது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் பின்னால் செட்டிநாட்டு மூலதனம் நின்றது. நந்தனார் பள்ளியின் பின்னால் யார் நின்றார்கள்? பல்கலைக்கழகத்தின் பெயர் உலகத்துக்கே தெரியும். நந்தனார் பள்ளியில் முதன்முதலாகச் சிலேட்டைத் தொட்ட தலைமுறைகளை எந்தப் பாடப்புத்தகம் எழுதியது?

இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் வரும்: 'பாத்தியா, எட்டாங்கிளாஸ் படிச்சவரே சட்டமன்றம் வரைக்கும் போனாரு. காலேஜ் பேரா முக்கியம்?' இந்தப் பேச்சு நமக்கு வேண்டாம் தோழர்களே. சகஜானந்தர் படிக்காமல் விட்டது அவர் விருப்பமில்லை.

அமெரிக்காவில் டேல், க்ரூகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே கேள்வியை ஆராய்ந்து 2002லும் 2011லும் எழுதினார்கள். ஒரே தகுதியுள்ள மாணவர்கள் பெரிய கல்லூரியில் படித்தாலும் சாதாரணக் கல்லூரியில் படித்தாலும் பின்னாளில் வருமானம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார்கள். ஆனால் கறுப்பின மாணவர்களுக்கும், ஹிஸ்பானிய மாணவர்களுக்கும், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அப்படி இல்லை. பெரிய கல்லூரி அவர்களுக்குப் பலன் தந்திருக்கிறது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். மாமன் ஆபிசர், சித்தப்பன் வக்கீல் என்று இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் காலேஜும் ஒன்றுதான். நமக்குக் காலேஜ்தான் மாமன், காலேஜ்தான் சித்தப்பன்.

அப்படியானால் பெரிய பெயர் கிடைத்துவிட்டால் போதுமா? அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். பிறகு லண்டனில் படித்தார். 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கினார். கண்டுபிடித்துத் தடியோடு வந்து விரட்டினார்கள். கொலம்பியா என்ற பெயரும் அந்த வாசலில் செல்லவில்லை.

கொலம்பியாவில் படித்தவர் 1945இல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். திண்டிவனத்தில் படிப்பு நின்றவர் சிதம்பரத்தில் பள்ளி திறந்தார். படித்த இடம் வேறு. இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்று. தனக்கு மறுக்கப்பட்டதை அடுத்தவனுக்குத் திறந்துவிடுவதையே அவர்கள் வெற்றி என்று எண்ணினார்கள்.

இன்று திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. கரும்பு வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளும் செங்கல் சூளையிலிருந்து வருகிற பிள்ளைகளும் குடும்பத்தின் முதல் பட்டத்தை அங்கேதான் வாங்குகிறார்கள். கவுரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்பை ஓட்டிக்கொண்டு, நூலகத்தையும் விடுதியையும் பாழாக விட்டுவிட்டு, 'பேரில் என்ன இருக்கிறது' என்று நமக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டாம். பெரிய கல்லூரிகளில் நமக்குரிய இடத்தையும் கேட்போம். நம் ஊர்க் கல்லூரிக்கு வர வேண்டிய வாத்தியாரையும் புத்தகத்தையும் கேட்போம்.

'எந்தக் காலேஜ்?' என்று கேட்பவரிடம் நாம் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: அய்யா, நீங்கள் யாருக்குக் கதவு திறந்தீர்கள்?